மகாராணிக்கு எந்த ஆயில்?

அப்பா நீட்டிய விரலோடு சென்ற வாரம் நின்றோம். அந்த விரலைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை.

இந்த வீட்டில் மேலே குடியிருப்பு, கீழே கார் ஒர்க்‌ஷாப். எந்த வண்டியின் கியர்பாக்ஸைத் திறந்தாலும் அப்பா அதிலிருந்து ஒரு சொட்டு ஆயிலை ஆள்காட்டி விரலில் எடுப்பார். கட்டைவிரலால் தேய்ப்பார், முகர்வார். பிறகு அந்த விரலை மூத்த மகளின் மூக்குக்கு நேராக நீட்டி, "சொல்லு" என்பார். கருகியிருக்கிறதா, இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா, மாற்றுவதானால் என்ன ஊற்றலாம் என்பதையெல்லாம் அவள் சொல்வாள். அதற்கு மேல் அங்கே பேச்சே கிடையாது. கியர்பாக்ஸ் பகுதி முழுக்க அவள் பொறுப்பு. கல்யாண வாழ்க்கை கசந்து மாடியறைக்குத் திரும்பி வந்தவளை மறுபடி நிமிர்ந்து நடக்க வைத்தது அந்த ஒற்றை வார்த்தைதான்.

அந்த விரல்தான் சென்ற வாரம் சாப்பாட்டு மேஜையில் அவளுடைய தட்டைத் தாண்டிப் போய், புது மருமகளுக்கு முன்னால் நின்றது.

"சொல்லும்மா."

மருமகள் ஆயில் கம்பெனி ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுவதும் சொட்டுச் சொட்டாக ஆயிலைக் காய்ச்சிப் பார்ப்பதுதான் அவள் தொழில் என்பதால், கல்யாணமான வாரமே அவள் கணவன், அதாவது மூத்தவளின் தம்பி, அவளுக்குச் 'சொட்டு' என்று பெயர் வைத்துவிட்டான். வீடே அப்படித்தான் கூப்பிடுகிறது, மூத்தவளைத் தவிர.

சொட்டு அந்த விரலை முகரவில்லை. ஒரு சின்னக் குப்பியில் கொஞ்சம் ஆயில் கொடுங்கள் மாமா, சோதித்துச் சொல்கிறேன் என்றாள். அப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. மூத்தவளுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மகாராணி என்பது அப்பாவின் கார். ஒரு காலத்தில் ஹோட்டல் முதலாளி ஒருவர் பவனி வந்த, நீளமான, கருநீல வண்டி. உள்ளே தோல் இருக்கைகள், பளபளக்கும் மரப்பலகை, பீரோவைச் சாத்துவதுபோல் மூடிக்கொள்ளும் கதவுகள். வயதாகிவிட்டது, ஆனால் கம்பீரம் குறையவில்லை. சமீப காலமாக ஒரு நோய்தான் அதை வாட்டுகிறது. நடுத்தர வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டு போனால், கூழாங்கல் பரப்பிய பாதையில் ஓடுவதுபோல வண்டி நடுங்கும். அழுத்தி மிதித்தால் நடுக்கம் போய்விடும்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் அந்த வண்டியில் மலைப்பாதை தாண்டி அம்மாவின் தங்கை வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. அதற்குள் நடுக்கம் நின்றாக வேண்டும்.

"அந்த வண்டிக்குப் பார்க்கிற வைத்தியத்துல பாதி எனக்குப் பார்த்திருந்தா என் முழங்கால் எப்பவோ சரியாயிருக்கும்" என்று அம்மா சொல்லிவிட்டுப் பெட்டி அடுக்கப் போய்விட்டாள்.

இனி வெள்ளிக்கிழமை காலைக்கு வருவோம்.

ஒர்க்‌ஷாப் மேஜைமேல் இரண்டு வகை டின்கள் இருந்தன. ஒரு பக்கம் மூத்தவளின் டின்கள். மகாராணி தயாரான காலத்தில் அதற்கென்றே வந்த ஆயில். இப்போது அதை யாரும் தயாரிப்பதில்லை. எங்கோ ஒரு கடை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு, போய், மீதமிருந்த எல்லாவற்றையும் வாரிக்கொண்டு வந்து, மகாராணிக்கு ஒருநாள் தேவைப்படும் என்று துணி சுற்றிப் பத்திரப்படுத்தியிருந்தாள். மறுபக்கம் சொட்டு கொண்டுவந்த டின்கள். புது ஆயில்.

எந்த ஆயிலாயிருந்தால் என்ன, ஊற்றிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று நினைக்கலாம். இன்ஜின் ஆயில் விஷயத்தில் ஓரளவுக்கு அப்படி நினைக்கலாம். அதற்கு வழுக்க வைப்பதுதான் முக்கிய வேலை. தானியங்கி கியர்பாக்ஸில் இருக்கும் ஆயிலின் பாடு வேறு. பல்சக்கரங்களுக்கு அது வழுக்க வேண்டும். அதே பெட்டிக்குள் தட்டுகள் ஒன்றையொன்று கவ்விப் பிடித்துத்தான் கியர் மாறுகிறது. அவற்றுக்கு இடையில் அது வழுக்கக் கூடாது. அந்தத் தட்டுகளை நெருக்கித் தள்ளுகிற கையும் அதே ஆயில்தான். பம்ப் அழுத்தம் கொடுக்க, ஆயில் ஓடிப்போய்த் தள்ளுகிறது. போதாததற்குச் சூட்டையும் அதுவே சுமந்துகொண்டு போய் ஆற்றிவிட்டு வர வேண்டும். ஒரே ஆள் சமையலும் செய்து, கணக்கும் பார்த்து, வாசலில் காவலும் நிற்கிற மாதிரி.

சரி, நடுக்கம் எங்கிருந்து வருகிறது? ஓடுகிற மின்விசிறி ஒன்றுக்கு எதிரே, ஓடாத மின்விசிறி ஒன்றை வைத்துப் பாருங்கள். முதலாவதன் காற்று பட்டு இரண்டாவதும் மெல்லச் சுழலும். இந்த மாதிரி வண்டியில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்வது அப்படித்தான், காற்றுக்குப் பதிலாக ஆயில். ஆனால் அதில் கொஞ்சம் சக்தி வீணாகும். அதனால் வண்டி சீராக ஓடத் தொடங்கியதும் ஒரு தட்டு நகர்ந்து வந்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்கிறது. பிடிக்கும்போது சற்றே வழுக்கி, பிறகு பிடிக்க வேண்டும். அந்தச் 'சற்றே'வைக் கொடுப்பது ஆயிலில் கலந்திருக்கும் மருந்து. மருந்து தேய்ந்துபோனால் தட்டு பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். உட்கார்ந்திருப்பவருக்கு அது நடுக்கமாகத் தெரிகிறது.

சொட்டு சொன்னதும் இதைத்தான். கெட்டித்தன்மையில் இரண்டு ஆயிலும் ஏறக்குறைய ஒன்றே. பழையதில் அந்த மருந்து ஆரம்பத்திலிருந்தே குறைவு. அதனாலேயே பிறகு வந்ததில் அதைக் கூட்டினார்கள். புதியது இந்தக் கியர்பாக்ஸுக்கு ஒத்துப்போகிறதா என்று, ஆயில் கசியாமல் அடைக்கிற, கழற்றிய ரப்பர் சீல் துண்டு ஒன்றை அதில் ஊறவைத்துச் சூடுகாட்டியும் பார்த்துவிட்டாளாம்.

வயதான பெட்டிக்குப் பழகின ஆயில்தான் நல்லது என்று மூத்தவள் வாதாடினாள். சொல்லும்போதே அது வாதமாக இல்லை, வேண்டுகோளாக இருக்கிறது என்று அவளுக்கே பட்டது. சொட்டு கொண்டுவந்தது நல்ல ஆயில். டின்னின் பின்பக்கத்தைப் படித்தபோதே தெரிந்துவிட்டது. தெரிந்ததால்தான் எரிச்சல் இரட்டிப்பானது.

அப்பா இரண்டு டின்களையும் தூக்கிப் பார்த்தார்.

"மருமக சொல்றதையே ஊத்து. நீ ஊத்தினா நான் நிம்மதியா ஓட்டுவேன்."

தம்பி அக்காவின் காதருகே குனிந்து, "டாக்டர் அவ, நர்ஸ் நீ" என்றான். வழக்கமாக இதற்கு அவன் முதுகில் ஒரு ஸ்பேனர் விழும். இன்று அவள் திரும்பிக்கூடப் பார்க்காததால், சிரிக்க வந்தவன் வாயை மூடிக்கொண்டு வெளி வேலையைப் பார்க்கப் போனான்.

மகாராணியை லிஃப்டில் ஏற்றினாள். காபி நிறத்தில் பழைய ஆயில் வடிந்தது. அடித்தட்டைக் கழற்றினாள். அதில் ஒட்டியிருந்த காந்தங்களில் இரும்புத்தூள் சாம்பல் நிறப் பசையாகப் படிந்திருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, வயதின் தேய்மானம். துடைத்தாள், ஃபில்டரை மாற்றினாள், தட்டை மூடினாள், புது ஆயிலை ஏற்றினாள். இதிலெல்லாம் அவள் கை பொய் சொல்லாது. யார் சொன்ன ஆயில் என்றாலும் வேலை அவளுடைய வேலை.

கடைசியில் இருப்பது அளவு பார்ப்பது. மகாராணியின் கியர்பாக்ஸில் குச்சி விட்டு ஆயில் பார்க்கிற வசதி இல்லை. பக்கவாட்டில் ஒரு துளை, அதற்கொரு மூடி. இன்ஜினை ஓடவிட்டு, மூடியைத் திறந்து, உள்ளே ஆயில் நாற்பது டிகிரிச் சூட்டுக்கு வரும் வேளையில் அந்தத் துளை வழியே நூல்போல் வழிந்தால் அளவு சரி. உடனே மூடிவிட வேண்டும். சூடேற ஏற ஆயில் வீங்கும். அந்த வேளையைத் தவறவிட்டால், உள்ளே இருக்கவேண்டியதும் வெளியே வழிந்துவிடும். அப்போது மூடினால், பிறகு ஆறும்போது அளவு குறைந்து நிற்கும்.

சூடு காட்டும் மீட்டரைப் பிடித்து எண்களைப் படித்துக்கொண்டிருந்தது சொட்டு. முப்பத்து நாலு, முப்பத்தைந்து. ஓரத்தில் தன் மேஜை இருக்கும் கண்ணாடி அறையிலிருந்து அப்பா அவளைக் கூப்பிட்டார். "பார்த்துக்கோங்க அண்ணி" என்று மீட்டரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மூத்தவள் மூடியைத் திறந்துவைத்துக் காத்திருந்தாள். கண்ணாடி அறையின் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே அப்பா கதை சொல்லிக்கொண்டிருந்தார்.

மகாராணி கிடைத்த கதை. ஹோட்டல் முதலாளி ஒரு மழைநாளில் நடுரோட்டில் நின்ற இந்த வண்டியை எட்டி உதைத்துவிட்டுப் போனதும், அப்பா அதைக் கயிறு கட்டி இழுத்து வந்ததும், வழியெல்லாம் வண்டியோடு பேசிக்கொண்டே வந்ததும். வண்டியோடு பேசிய பகுதியை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவள் விவாகரத்தாகி வந்த புதிதில், சாப்பிடாமல் படுத்துக்கிடந்த ஒரு மத்தியானம், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவளுக்கு மட்டும் சொன்னார். அவளைச் சிரிக்கவைக்கச் சொன்னது. அவளுக்கென்று சொன்னது.

இப்போது உள்ளே இருந்து சொட்டின் சிரிப்பு கேட்டது. அப்பாவும் சேர்ந்து சிரித்தார். வண்டியிடம் என்ன பேசினீர்கள் என்று அவள் கேட்க, அவர் குரலை மாற்றி நடித்துக்கூடக் காட்டினார். தன்னிடம் அவர் அப்படி நடித்துக் காட்டியதாக மூத்தவளுக்கு நினைவில்லை.

கீழே வைத்திருந்த தட்டில் ஆயில் விழும் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாள். மீட்டர் எழுபதைத் தாண்டியிருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். இன்ஜினை நிறுத்தி, ஆறவிட்டு, முதலிலிருந்து பார்க்க வேண்டும். நேரமாகும். ஏன் நேரமாகிறது என்று அப்பா கேட்பார். உங்கள் கதையை ஒட்டுக்கேட்டுக்கொண்டு நின்றேன் என்றா சொல்வது? கொஞ்சம்தானே வழிந்திருக்கும் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லி, மூடியைத் திருகி இறுக்கினாள்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அப்பா ஓட்டிப்பார்க்கக் கிளம்பினார். அதற்குள் மகாராணி நன்றாக ஆறியிருந்தது. முன் இருக்கையில் எப்போதும் மூத்தவள்தான் உட்கார்வாள். இன்று அப்பாவே அந்தக் கதவைத் திறந்து, "உன் ஆயில், நீ முன்னாடி உட்காரும்மா" என்றார். மூத்தவள் பின்னால் ஏறினாள். அத்தனை வருடத்தில் மகாராணியின் பின் இருக்கை எவ்வளவு அகலம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

நேர்ச்சாலையில் நடுக்கம் இல்லை. எந்த வேகத்தில் வழக்கமாக வருமோ அந்த வேகத்தில் அப்பா வேண்டுமென்றே பிடித்து ஓட்டினார். வண்டி பாலில் மிதப்பதுபோல் போனது. அப்பா பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தார். மருமகளை.

பாலத்துக்கு ஏறும் சரிவில்தான் அது நடந்தது. சரிவில் ஆயில் பெட்டியின் பின்பக்கம் சாய்ந்துவிடும். அளவு குறைவாக இருந்தால் பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். காற்று யாரையும் தள்ளாது. இன்ஜின் திடீரென்று அலறியது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த லாரி ஹாரன் அடித்தது. மகாராணி ஓரடி பின்னால் சரிந்து, பிறகு முதுகில் உதைபட்டதுபோல் குதித்து முன்னே போனது.

அப்பா மெதுவாக வண்டியைத் திருப்பினார்.

ஒர்க்‌ஷாப்பில் இறங்கியதும் அப்பா சொட்டின் பக்கம் பார்க்கவே இல்லை. மூத்த மகளின் தோளில் கை வைத்தார். இந்த வாரம் முழுக்க அந்தக் கை எங்கே போயிருந்தது என்று அவளுக்குத் தோன்றியது.

"நீதான் சொன்னே. நான்தான் கேக்கல. அந்த ஆயிலை எடுத்துடு. உன் பழைய டின்னையே ஊத்து."

எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. வெயிலில் அலைந்து வந்தவளுக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதுபோல இருந்தது. சொட்டு சுவரோரம் நின்று தன் டின்னின் பின்பக்கத்தை மறுபடி மறுபடி படித்துக்கொண்டிருந்தாள். எழுத்தில் எங்காவது தப்பு ஒளிந்திருக்கும் என்பதுபோல.

"எங்க தப்பு பண்ணேன்னு தெரியல அண்ணி. சீல் வரைக்கும் பார்த்தேன். நீங்க சொன்னபடி கேட்டிருக்கணும்."

மூத்தவள் வண்டியின் கீழே போனாள். ஸ்பேனரை வடிகால் மூடியில் மாட்டினாள். ஒரு திருகு திருகினால் போதும். புது ஆயில் மொத்தமும் தட்டில் இறங்கிவிடும். அதோடு எல்லாம் தீர்ந்தது. யாரும் எதையும் கண்டுபிடிக்கப்போவதில்லை. விரல் தன் பழைய இடத்துக்குத் திரும்பி வரும்.

கை திரும்பவில்லை.

அளவு பார்க்காமல் ஆயிலைக் குற்றம் சொன்ன மெக்கானிக்குகள் எத்தனை பேரை அவள் திருப்பி அனுப்பியிருக்கிறாள். முதலில் அளவு, பிறகுதான் மற்றது என்று தொண்டை வறளக் கத்தியிருக்கிறாள். இன்று அளவு பார்க்காமல் மூடியைத் திருகினால், இனி யாரிடம் அந்தக் குரலில் கத்துவது? அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அவளை ரொம்ப நல்லவளாக்கிவிடுவோம். அவளுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. ஒருவேளை அளவு சரியாக இருந்து, ஆயிலே தப்பாக இருந்துவிட்டால்? அப்போது அவள் பொய் சொன்னவளாக மாட்டாள். உண்மையிலேயே ஜெயித்தவளாவாள்.

ஸ்பேனரைப் பக்கவாட்டு மூடிக்கு மாற்றினாள்.

"மீட்டரை எடு" என்றாள்.

வண்டி ஆறும்வரை காத்திருந்து இன்ஜினை மறுபடி ஓடவிட்டதும், சொட்டு எண்களைப் படித்தாள். இந்த முறை அவளை யாரும் கூப்பிடவில்லை. முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பது. துளையிலிருந்து ஒன்றும் வரவில்லை. ஒரு துளிகூட இல்லை.

மூத்தவள் கைப்பம்பால் ஆயிலை ஏற்றினாள். கொஞ்சம் போனது. இன்னும் கொஞ்சம். நூல்போல் வழியத் தொடங்கியபோது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாக உள்ளே போயிருந்தது. மூடினாள். நிமிர்ந்தபோது சொட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கணக்குத்தான் இருந்தது. எந்தச் சூட்டில் மூடினால் எவ்வளவு குறையும் என்று சோதனைக்கூடத்தில் இருப்பவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் தான் மீட்டரை வைத்துவிட்டுப் போனதும் அவளுக்கு நினைவிருந்தது.

அப்பா மாடிப்படியில் இறங்கி வந்தார். பின்னாலேயே தம்பியும் வந்தான். இன்னுமா ஆயிலை எடுக்கவில்லை என்று கேட்டார்.

மூத்தவள் வாயைத் திறப்பதற்குள் சொட்டு முந்திக்கொண்டாள். புது ஆயில் உள்ளே இருக்கும் சின்னச் சின்ன வழிகளில் எல்லாம் போய் நிரம்ப நேரம் பிடிக்கும், அதனால் கொஞ்சம் குறைந்திருக்கிறது, இப்போது அண்ணி நிரப்பிவிட்டார்கள், இனிச் சரிவில் ஏறும் என்று சொன்னாள். ஒரு தடங்கல் இல்லாமல் சொன்னாள்.

"அப்ப ஆயில்ல தப்பில்லயா?"

"இல்ல மாமா. யார் மேலயும் தப்பில்ல."

யார் மேலயும். அந்த வார்த்தை மூத்தவளின் நெஞ்சில் போய்க் குத்தியது. சொட்டு காட்டிக்கொடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம். இவளோ மூடி மறைத்து, மேலே ஒரு போர்வையும் போர்த்திவிடுகிறாள். இவளுடைய ஆயில் சரி, இவளுடைய சோதனை சரி, இப்போது இவளுடைய மனசும் பெரிது. தனக்கென்று இந்த வீட்டில் எதையாவது விட்டுவைப்பாளா? தப்பு ஒன்றுதான் மிச்சம். அதையும் இவள் எடுத்துக்கொள்வதா?

"அவ சொல்றது நிஜமில்லப்பா" என்றாள் மூத்தவள். "காலையில சூட்டுல மூடினது நான். எழுபதுக்கு மேல போயிடுச்சு. தெரிஞ்சேதான் மூடினேன். சரிவுல வண்டி நின்னப்பவும் தெரியும். சொல்லல."

தம்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது.

அப்பா கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அந்தக் கத்தல் அவளுக்கு வேண்டியிருந்தது. அவருடைய கோபமாவது முழுசாகத் தனக்கு மட்டும் சொந்தமாக இருக்கட்டும் என்று நின்றாள்.

அப்பா அவளைப் பார்க்கவில்லை. மெதுவாகத் திரும்பி, மீட்டரைக் கையில் பிடித்திருந்த மருமகளைப் பார்த்தார்.

"இவ சொல்றது நிஜமாம்மா?"

சொட்டு முதலில் மாமனாரைப் பார்த்தாள். பிறகு நாத்தனாரைப் பார்த்தாள். பதில் சொல்ல அவள் அவசரப்படவில்லை.